குடுவைச் செடிக்கு ஊட்டக் கூடாது

அன்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் சுக்குக் காபி குடிக்க உட்கார்ந்தவர்கள் ஐந்து பேர். நான், குமரகுருபரன், ஓய்வுபெற்ற சார்பதிவாளர். என் மனைவி சண்முகசுந்தரி. எங்கள் ஒரே மகள் பிருந்தா. மனைவியின் தம்பி கைலாசம், அம்பாசமுத்திரத்தில் அரிசி மண்டி வைத்திருப்பவன். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் நடத்தும் எபி. வேலைக்காரியும் இருந்ததாக உங்கள் காவலர் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவள் வருவதில்லை. முதலில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஆழ்வார்குறிச்சியில் எல்லோருக்கும் சளி பிடிக்கும். அதனால்தான் சுக்குக் காபி.

பின்கட்டு அறையில் நீங்கள் பார்த்த போத்தல்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஓய்வு பெற்ற வருடம் மேகாலயாவிலிருந்து வந்த பழைய நண்பர் ஒருவர் பூச்சி தின்னும் குடுவைச் செடியின் விதையைப் பஞ்சில் பொதிந்து தந்தார். மயிரிழை போன்ற விதை. பக்கத்தில் மூச்சு விட்டால் பறந்துவிடும். மண்ணில் போட்டவை அழுகின. பிறகு படித்துத் தெரிந்துகொண்டு, கை நுழைகிற இரண்டு ஓட்டைகளோடு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்வித்தேன். கடற்பாசிக் கூழில் உப்புகளும் இளநீரும் கலந்து, ஹார்லிக்ஸ் போத்தல்களில் ஊற்றி, குக்கரில் வேகவைத்து ஆறவிட வேண்டும். விதையை ஒரு வெள்ளைப் பொடி கரைத்த நீரில் அலசி உள்ளே விட வேண்டும். அந்தப் பொடி கடும் விஷம். அலமாரியில் பூட்டித்தான் வைத்திருந்தேன், சாவி என் இடுப்பில்.

முளைத்தது ஒன்றே ஒன்று. அதன் நுனியை நறுக்கி நறுக்கி அத்தனை போத்தல்களையும் நிரப்பினேன். எல்லாம் ஒரே செடியின் மக்கள். வெளிக்கலப்பு கிடையாது. மலையடிவாரப் பாறைக் கசிவில் முளைக்கிற, பசைத் துளியில் பூச்சி பிடிக்கிற அழுகண்ணியையும் அப்படியே பெருக்கினேன்.

இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. ஒரு போத்தலில் பூசணம் கண்டால் அதைத் திறக்கக் கூடாது. திறந்தால் அறை முழுதும் பரவிவிடும். மூடியபடியே வேகவைத்து எறிய வேண்டும். உள்ளே நல்ல நாற்று இருந்தாலும் பார்க்கக் கூடாது. கல்லூரியில் சேர்ந்த புதிதில் பிருந்தா இதற்கு அழுவாள். "பாவம்ப்பா, அது பச்சையா இருக்கே" என்பாள். பிறகு பழகிக்கொண்டாள். என்னைவிட நேர்த்தியாக நறுக்குவாள். என் கையே அவள்தான் என்று நினைத்திருந்தேன்.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவம். முட்டை வாசல்படி தாண்டியதில்லை. முதல் குடுவை திறந்தபோது கைலாசம் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்ன அத்தான், சைவ வீட்டுல புலால் திங்குத செடியா? நாளைக்குப் பூசை அறையில கோழிக்கூடு வைப்பியளோ?"

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். செடி வேட்டையாடுவதில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது. பூச்சி தானாக வந்து விழுகிறது. அதில் செடிக்கும் பாவமில்லை, வளர்ப்பவனுக்கும் பாவமில்லை. நாம் எடுத்து ஊட்டினால்தான் பாவம். அதனால் என் செடிகளுக்கு எறும்பைக்கூட யாரும் பிடித்துப் போட்டதில்லை.

எபி பார்க்க வந்தது போன வருடம், தொண்ணூற்றைந்தில். செருப்பைக் கிணற்றடியிலேயே விட்டு, கைகால் கழுவிவிட்டு வந்தான். எனக்குப் பிடித்தது. அந்த அறைக்குள் நான் அனுமதித்த முதல் அந்நியன் அவன். வேதக்காரன், கிறிஸ்தவன் என்று தெரிந்துதான் விட்டேன். படிப்புக்கு நான் சாதி பார்ப்பவனில்லை.

இந்தப் புரட்டாசியில் ஒரு காலை அறையைத் திறந்தேன். வாடை அடித்தது. ஒவ்வொரு குடுவையாகச் சாய்த்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பெரிய குடுவைக்குள் நெத்திலிக் கருவாட்டின் தலை ஒன்று ஊறிக் கிடந்தது.

பிருந்தாவைக் கூப்பிட்டேன். அவள் மறைக்கவில்லை.

"நாந்தாம்ப்பா போட்டேன். எபி கொண்டாந்தாரு. மழைக்காலத்துல பூச்சி வராதுல்லா, இப்படிப் போட்டா குடுவை பெருசா வருமாம்."

"இந்த வீட்டுக்குள்ளயா?"

"அப்பா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் கட்டிக்கிடலாம்னு இருக்கோம். அம்மாக்குத் தெரியும். மாமாக்கும் தெரியும்."

"எப்பயிருந்து?"

"போன கார்த்திகையிலயிருந்து."

போன கார்த்திகைக்கு அவனுக்குப் பொரி உருண்டை எடுத்துக் கொடுத்தது நான்தான். "இன்னொண்ணு எடுத்துக்கிடுங்க தம்பி" என்று சொன்னதும் நான்தான். மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் ஒரு வருடம் ஓடியிருக்கிறது. சண்முகசுந்தரி கருவாட்டு வாடை போக அறையைச் சீயக்காய் போட்டுக் கழுவிக்கூட விட்டிருக்கிறாள்.

நான் சத்தம் போடவில்லை. எங்கள் வீட்டில் சத்தம் போடுகிற வழக்கம் இல்லை. ஐப்பசி பிறக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை வரச்சொல், பேசுவோம் என்றேன். பிருந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சம்மதித்துவிட்டதாக நினைத்தாள். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வெள்ளி டம்ளர் உண்டு, பெயர் வெட்டியது. பிருந்தாவுடையது அவள் பிறந்தபோது கைலாசம் தாய்மாமன் சீராகச் செய்து போட்டது. வெளியாட்களுக்கு என்று ஓர் எவர்சில்வர் டம்ளர் அடுக்களை மாடத்தில் தனியாக இருக்கும். எபி ஒரு வருடமாக அதில்தான் குடித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் படுத்திருந்த நேரத்தில் அலமாரியைத் திறந்தேன். அந்த டம்ளரின் அடியில் பொடியைப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. சுக்கு தட்டியது, கருப்பட்டி போட்டது, காபியை எல்லா டம்ளரிலும் ஊற்றியது, தட்டில் வைத்துக் கொண்டுவந்தது எல்லாம் என் மனைவி. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளை விட்டுவிடுங்கள்.

எபி புது வேட்டி கட்டி வந்திருந்தான். தட்டு நடுவில் இருந்தது. அவன் தன் டம்ளருக்குக் கை நீட்டினான். பிருந்தா முந்திக்கொண்டு அதை எடுத்துத் தன் பக்கம் வைத்தாள். தன் வெள்ளி டம்ளரை அவன் முன்னால் நகர்த்தினாள்.

"இனிமே இதுதான் உங்களுக்கு. நான் இதுல குடிக்கேன்" என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வே தம்பி, நான் செஞ்சு போட்ட டம்ளராக்கும்! பாத்துப் பைய குடியும், பல்லு பட்டிரப் போவுது" என்று கைலாசம் சிரித்தான். சண்முகசுந்தரியும் சிரித்தாள். எபி தலையைக் குனிந்துகொண்டான்.

பிருந்தா ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்னம்மா, சுக்கை அள்ளிக் கொட்டிட்டியா?"

"சளிக்கு நல்லதுதான், குடிட்டீ" என்றாள் அவள் அம்மா.

குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். சிறு வயதில் மருந்து குடித்துவிட்டு எனக்கு அப்படித்தான் காட்டுவாள்.

ஏன் பேசவில்லை என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். என்னவென்று பேசுவது? வீடு தேடி வந்தவனுக்கு விஷம் வைத்த வீடு என்று அவன் காதிலேயே விழும்படி சொல்லவா? என் பாட்டனார் அன்னதானச் சத்திரம் நடத்தியவர். அந்தப் பெயரை அந்தப் பையன் பாளையங்கோட்டைக்கு எடுத்துப் போவதா? மேலும், அவள் என்னைப் பார்த்துக்கொண்டே அந்த டம்ளரை எடுத்தாளே, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பூசணம் அவனோடு வந்ததல்ல. அது போத்தலுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இரவே வாந்தி கண்டது. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். சிறுநீரகம் என்றார்கள். சில நாட்கள் கிடந்தாள். கடைசிவரை பக்கத்திலிருந்து நெற்றியைத் துடைத்துவிட்டவன் நான்தான். அவள் போன பிறகு உடலை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று நின்றவன் எபி. அதற்கு அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

இங்கே நானாக வந்ததற்குக் காரணம், அறுத்ததில் விஷம் தெரிந்த பிறகு ஊரில் கைலாசம் சொல்லித் திரிகிற பேச்சு. அந்தப் பையனுக்கு வைத்தது கை மாறிப் பெற்ற மகளுக்கே போய்விட்டது, அத்தான் கவனிக்கவில்லை, பாவம் பெரியவர் என்கிறானாம். தேர் முக்கில் நிற்கிறவர்கள்கூட என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். அந்த இரக்கம் எனக்கு வேண்டாம். அந்தப் பேச்சு தவறு, எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் எவரும் எதையும் கவனக்குறைவாகச் செய்ததில்லை. டம்ளர் மாறியதை நான் பார்த்தேன். அவள் கவிழ்த்துக் காட்டும்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நான் யாருக்கும் எதையும் ஊட்டவில்லை. அவளாகத்தான் எடுத்தாள்.