மூக்கு வரைக்கும் வரல

...அதையேதான் தம்பி நானும் கேக்கறேன். கம்ப்யூட்டரை போன் லைன்ல சேக்கற இந்த மோடத்துல கோளாறு இல்லன்னா, என் தலையெழுத்துலயா கோளாறு? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா, உங்க இன்டர்நெட் ஆபீஸ்ல ஒரு பொண்ணு போன்ல சொல்லுது, "அம்பத்தாறு வேகத்தை உங்க லைன் தாங்காது சார், கொறைங்க"ன்னு. சரின்னு கொறச்சேன். என்ன ஆச்சு? அம்பத்தாறுல பேத்தி படம் கண்ணு வரைக்கும் வந்துச்சு. முப்பத்துமூணுல புருவத்தோட நின்னுபோச்சு. பதினாலுக்கு எறக்கினா வெறும் முடி. கொறைக்கக் கொறைக்கப் புள்ள தேய்ஞ்சுக்கிட்டே போவுது. இது என்ன வைத்தியம்?

சிரிக்காதீங்க. வெளிநாட்டுல பொண்ணுக்குக் கொழந்த பொறந்து, மாப்பிள்ளை படம் அனுப்பி ஒரு வாரமாச்சு. எனக்கு வேண்டியது மூக்கு, அது தெரிஞ்சா போதும். எங்க வீட்டு மூக்கு எடுப்பா இருக்கும்... இப்படிப் பக்கவாட்டுல பாருங்க. சமையக்கட்டுல இருக்காளே என் வீட்டுக்காரி, அவ வீட்டு மூக்கு சப்பை. மெதுவா பேசுவோம், காது மட்டும் அவளுக்குக் கூர்மை. "எங்க மூக்குதான் வரும்"னு அவ தம்பிகிட்ட சவால் விட்டுட்டேன். அவன் தெனம் போன் பண்றான், "என்ன மாமா, மூக்கு வந்துச்சா?"ன்னு. மானம் போவுது.

ம்... பதினாலுலயே வைங்க, நீங்க சொன்னா சரி. கேளுங்க, கீய்ங்குது, கர்ருங்குது... சேந்துருச்சு. இதுவரைக்கும் நல்லாத்தான் போவும். அப்புறம் கம்முனு ஆயிடும் பாருங்க. படம் வருதா, லைனு செத்துப்போச்சா, ஒண்ணும் புரியாது. அதான் தெனமும் கொஞ்ச நேரம் பொறுத்து, இந்தா இப்படி ரிசீவரை எடுத்துக் காதுல வச்சு, உசிரோட இருக்கான்னு...

ஏன் தம்பி கையப் புடிக்கறீங்க?

நான் எடுக்கறதாலயா? படம் வர்றதும் இதே லைன்லதானா, போனை எடுத்தாலே அறுந்துபோவுமா? ஒரு வார்த்தை பேசினதில்ல தம்பி, சும்மா கேப்பேன், அவ்வளவுதான்.

சரி... சரி. மறுபடி போடுங்க. ரிசீவரை நீங்களே மடியில வச்சுக்குங்க. உள்ள அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஒரு வாரமா ரெண்டு பேரும் ஒத்துமையா உங்க ஆபீஸைத்தான் திட்டிக்கிட்டிருக்கோம்.

முடி வந்துருச்சு. நெத்தி. புருவம் எங்கம்மா புருவம், அப்படியே. கண்ணு... அறுவல தம்பி, வருது. வா தாயி, வா.

...

சப்பைதான்.

அழகா இருக்கா, அதை யாரு இல்லன்னா? எனக்குக் கண்ணுகூடக் கலங்குது. ஆனா தம்பி... அந்த ரிசீவரைக் கொஞ்சம் குடுங்களேன். ஒண்ணுமில்ல, உசிரோட இருக்கான்னு பாக்கத்தான். அறுந்தா மறுபடி முடியிலேர்ந்துதானே வரும்? சீக்கிரம் குடுங்க, கரண்டியோட அவ வரா.