ஹனீஃபாவின் வாக்குமூலம்

காஸ்பர்: அப்போ வாக்குமூலம் எழுதின அந்த ரூமுக்குள்ள போலீஸ்காரங்க யாரும் இல்லை?

ஸ்தனிஸ்லாஸ்: இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது... இன்ஸ்பெக்டர் வெளியிலதான் நின்னாரு. கதவு சாத்தியிருந்துச்சு.

காஸ்பர்: முழுசா?

ஸ்தனிஸ்லாஸ்: ...பாதி.

அது 1944ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வீட்டுக்குப் போகவேண்டிய ஸ்தனிஸ்லாஸ், மயிலாப்பூரில் வக்கீல் காஸ்பரின் வாசற்படியை ஏன் மிதித்தோம் என்று தன்னையே நொந்துகொண்டிருந்தார். முப்பது வருஷமாக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அவர் உருது மொழிபெயர்ப்பாளர். மறுநாள் அவர் செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சி சொல்லவேண்டும்.

மாம்பலத்தில் ஒரு பஞ்சுக் கிடங்கு எரிந்து, உள்ளே தூங்கிய காவல்காரர் இறந்துபோயிருந்தார். அங்கே மெத்தை தைத்துக்கொண்டிருந்த ராயப்பேட்டை ஹனீஃபாவைப் பிடித்தார்கள். தீ வைத்தது தான்தான் என்று அவன் மாஜிஸ்திரேட்டிடம் ஒப்புக்கொண்டதாக ஒரு வாக்குமூலம் இருந்தது. அவனைத் தூக்கில் போட அது ஒன்றே போதும். அது இல்லாவிட்டால் வழக்கே இல்லை. ஹனீஃபாவுக்காக வாதாடியவர் காஸ்பர்.

ஸ்தனிஸ்லாஸ்: நான் இங்க வந்ததே தப்பு. நான் சர்க்கார் தரப்பு சாட்சி.

காஸ்பர்: நான் கூப்பிடலியே, அண்ணா. நீங்களாத்தானே வந்தீங்க.

ஸ்தனிஸ்லாஸ்: வீட்டுல டோரதி கேட்டுக்கினே இருக்கா... மூணு வாரமா பூசையில ஏன் நன்மை அப்பம் வாங்கப் போகலைன்னு. வயித்துல கோளாறுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

காஸ்பர்: மூணு வாரமாவா?

ஸ்தனிஸ்லாஸ்: கிண்டல் பண்ணாதீங்க.

காஸ்பர்: பண்ணலை. உங்க வேலையைப் பத்தித்தான் கேக்கிறேன். மாஜிஸ்திரேட் துரைக்கு உருது தெரியாது. ஹனீஃபாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவுல நீங்க ஒருத்தர்தான். துரை முதல்ல என்ன கேட்டாரு?

ஸ்தனிஸ்லாஸ்: கேக்கவேண்டியதைத்தான். நீ ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்லை, ஒத்துக்கிட்டா அது உனக்கே எதிரா நிக்கும்னாரு. அதை நான் சுத்தமா உருதுல சொன்னேன். அதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது.

காஸ்பர்: அப்புறம்?

ஸ்தனிஸ்லாஸ்: யாராவது அடிச்சாங்களா, மிரட்டினாங்களான்னு... இல்லைன்னான்.

காஸ்பர்: அதோட விட்டுட்டாரா?

ஸ்தனிஸ்லாஸ்: இன்னொண்ணு கேட்டாரு. யாராவது ஆசை காட்டினாங்களான்னு.

காஸ்பர்: அதுக்கு?

ஸ்தனிஸ்லாஸ்: அதான் எழுதியிருக்கே. இல்லைன்னு.

காஸ்பர்: எழுதியிருக்கிறதை நான் படிச்சிட்டேன். அவன் வாயால என்ன...

ஸ்தனிஸ்லாஸ்: அன்னைக்கு அதுக்குள்ள மணி நாலாயிடுச்சு, காஸ்பர். துரை கடிகாரத்தையே பாத்துக்கினு இருக்காரு. காலையிலயே இன்ஸ்பெக்டர் எங்கிட்ட வந்து, எல்லாம் பேசி முடிஞ்சாச்சு, நீங்க சும்மா இங்கிலீஷ்ல மாத்திச் சொன்னா போதும்னுட்டாரு. அடுத்த வருஷம் எனக்கு ரிடையர்... இதெல்லாம் உங்களுக்குப் புரியாது.

காஸ்பர்: புரியுது. வேணாம்னா விடுங்க. வீட்டுக்குப் போங்க, அண்ணா. டோரதி அக்கா காத்துக்கிட்டு இருப்பாங்க.

ஸ்தனிஸ்லாஸ்: "ஒத்துக்கிட்டா சாயங்காலமே வீட்டுக்கு அனுப்புறேன்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு. அனுப்பிடுவாங்க இல்ல?"ன்னு கேட்டான். துரையைப் பாத்து இல்லை. என்னைப் பாத்து.

காஸ்பர்: நீங்க?

ஸ்தனிஸ்லாஸ்: துரை பக்கம் திரும்பி, "நோ சார்"னு சொன்னேன். திட்டுங்களேன்.

காஸ்பர்: திட்டி என்ன ஆகப்போகுது? ஆசை காட்டி வாங்கின வாக்குமூலம் கோர்ட்டுல செல்லாது. அந்த ஒரு வரியை நாளைக்கு நீங்க சொன்னா அவன் பிழைப்பான். ஆனா உங்க வேலை போயிடும். கேஸ்கூடப் போடுவாங்க. இதையும் நான் சொல்லாம இருக்கக்கூடாது.

ஸ்தனிஸ்லாஸ்: தெரியும். டோரதிகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை.

காஸ்பர்: கோர்ட்டுல சொல்றதுக்கு முன்னாடி அங்க சொல்லிடுங்க.

அன்று மத்தியானமே மனைவியிடம் சொன்னார். டோரதி அழவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே, மறுநாள் எந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை ஜூரிகளை வெளியே அனுப்பிவிட்டு, வாக்குமூலம் செல்லுமா செல்லாதா என்று ஜட்ஜ் விசாரித்தார். காஸ்பர் எழுந்து, ஆசை காட்டினார்களா என்ற கேள்விக்கு ஹனீஃபா சொன்ன பதில் என்ன என்று கேட்டார். ஸ்தனிஸ்லாஸ் அதை முதலில் உருதுவிலும் பிறகு இங்கிலீஷிலும் சொன்னார். சர்க்கார் வக்கீல் சாட்சியைப் பொய்யர் என்றார். எப்போது பொய்யர், அன்றைக்கா இன்றைக்கா என்று ஜட்ஜ் கேட்க, வக்கீல் வாய் திறக்குமுன் ஸ்தனிஸ்லாஸே அன்றைக்கு என்றார். குற்றவாளிக் கூண்டின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

வாக்குமூலம் தள்ளப்பட்டது. புதன்கிழமை ஹனீஃபா விடுதலையானான். அந்த மாதம் முடிவதற்குள் ஸ்தனிஸ்லாஸுக்கு வேலை போயிற்று. சில வாரங்கள் கழித்து அவர் லஸ் முனையில் பஸ்ஸுக்கு நின்றபோது, காஸ்பரும் வந்து பக்கத்தில் நின்றார்.

ஸ்தனிஸ்லாஸ்: ஒரு சந்தேகம், காஸ்பர். அன்னைக்கு நான் உங்க வீட்டுக்கு வராம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

காஸ்பர்: அதான் வந்தீங்களே.

ஸ்தனிஸ்லாஸ்: அது இல்லை. ஹனீஃபா உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலியா? சொல்லியிருந்தா கூண்டுல வெச்சே என்னை மடக்கியிருப்பீங்களே.

காஸ்பர்: விடுங்க, அண்ணா. பஸ் வருது பாருங்க.

ஸ்தனிஸ்லாஸ்: அடுத்த பஸ்ல போறேன். சொல்லுங்க.

காஸ்பர்: ...ஜெயில்ல பாத்த முதல் நாளே சொல்லிட்டான். நீங்க துரைகிட்ட அதைச் சொல்லலைன்னு உங்க மூஞ்சியைப் பாத்தே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களைக் குடையறதுக்கு நாப்பது கேள்வி எழுதி வெச்சிருந்தேன். அவன்தான் என் கையைப் பிடிச்சிக்கிட்டான். "மூணு நாளா ஸ்டேஷன்ல என்னை யாரும் மனுஷனா நடத்தலை. அவரு ஒருத்தருதான் எங்க பாஷையில உக்காரு தம்பின்னாரு. அவரைக் கேவலப்படுத்தாதீங்க, தானா சொல்லிடுவாரு"ன்னான். நான் நம்பலை, அண்ணா. அவன் நம்பினான்.