இருபத்தெட்டாவது சுற்று

ஆடவே தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம், சார்ஜன்ட். கொஞ்சம் தெரிந்தவர்களோடுதான் தலைவலி. முப்பத்தொரு வருடமாக எங்கள் ஊர் மண்டபத்தில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மத்தியானம் கான்ட்ரா ஆட்டத்தை நடத்திவருகிறேன். நியூ ஹாம்ப்ஷயரின் இந்தப் பக்கத்தில் எல்வுட் டில்டனின் குரலுக்குக் கைகோக்காத ஆள் குறைவு.

நீங்கள் ஆடுவதில்லை என்றீர்கள், அதனால் சொல்கிறேன். ஜோடிகள் எதிரெதிராக நீள வரிசையில் நிற்பார்கள். நான் மேடையிலிருந்து மைக்கில் சொல்லச் சொல்ல, சுற்றுவார்கள், இடம் மாறுவார்கள். சுற்றுக்கு ஓரிடமாக ஒவ்வொரு ஜோடியும் நகரும். வரிசையின் இரண்டு முனைகளில் மட்டும் ஒரு சுற்று நின்று மூச்சு வாங்கலாம். நடுவில் ஒருவர் விலகினால் பக்கத்து ஜோடி தடுமாறும், பிறகு வரிசையே குலையும். இசை நிற்கும்வரை வரிசையை விட்டுப் போகாதே என்பதுதான் நான் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். நாலைந்து சுற்று ஆனதும் நான் வாயை மூடிக்கொள்வேன், அவர்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பார்கள். நான் ஒரு விரலை உயர்த்திக் காட்டினால் அடுத்த சுற்றோடு பிடில்காரன் முடிப்பான். காட்டாவிட்டால் முடிக்கமாட்டான்.

வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் அடங்காதவர்கள்போலப் பேசும் ஜனங்கள் இவர்கள். இடது கை என்று நான் சொன்னால் கையை நீட்டுவார்கள். பாதிப் பேர் வலது கையை நீட்டுவார்கள். முடிந்ததும் தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொள்வார்கள்.

ரோடா கிம்பல் எங்கள் கமிட்டித் தலைவி. இந்த ஜூலை ஆட்டத்துக்கு முன்னால், மண்டபத்துச் சமையலறையில் ப்ளூபெரி பை வெட்டிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"எல்வுட், தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த மாசத்துலேர்ந்து வெர்மான்ட் பொண்ணு ஒண்ணு வந்து நடத்தப்போகுது. சின்ன வயசு, சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லிக்குடுக்குது. உங்க அதட்டலுக்குப் பயந்தே புதுசா வர்றவங்க மறுதடவை எட்டிப் பாக்கறதில்ல."

"சரி."

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்?"

"அப்போ இன்னிக்குக் கடைசி ஆட்டத்துக்கு நானும் நிப்பேன், உங்களுக்காக. சின்னதா முடிச்சிடுங்க, என்ன? ஏப்ரல்ல நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாங்களே, இன்னும் மூச்சு பத்த மாட்டேங்குது."

பெரிய துண்டாகப் பார்த்து எனக்குத்தான் கொடுத்தாள். தின்றேன். நன்றாகவே இருந்தது. அவள்மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைய கடைசி ஆட்டத்துக்கு முப்பது ஜோடி வந்தார்கள். வழக்கமாக இரண்டு வரிசையாகப் பிரிப்பேன். அன்று ஒரே வரிசையாக நிறுத்தினேன், பார்க்க அழகாக இருக்கும். "ரோடா, நீங்க வாசப்பக்கம் கடைசில நில்லுங்க. புதுசுங்க அங்கதான் முழிக்கும்," என்றேன். யாருக்காவது உதவி என்றால் அவளுக்குத் தலைகால் புரியாது, ஓடினாள். முதல் சுற்றில் முனையில் நிற்பவர்களுக்கும் ஓய்வு கிடையாது. அங்கிருந்து மேடைப் பக்கத்து முனைக்கு, அதாவது ஓய்வுக்கு, இருபத்தொன்பது சுற்று. சுற்றுக்கு இரண்டு முறை ஜோடியோடு வேகமாகச் சுழல வேண்டிய ஆட்டமாகப் பார்த்து எடுத்தேன். பிடில்காரனின் தாள்கள் பறக்கின்றன என்று ஃபேன்களை அணைக்கச் சொன்னேன். தாள்கள் பறக்கத்தான் செய்தன.

பதினைந்து சுற்றோடு முடிப்பது வழக்கம். பதினைந்தாவதில் பிடில்காரன் கிளேட்டன் என்னைப் பார்த்தான். நான் என் குறிப்பு அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இருபதாவதில் கத்தினான்.

"யோவ் எல்வுட், விரலைக் காட்டுய்யா! கை கழண்டு விழுந்துடும்போல இருக்கு."

"விழுந்தா எடுத்துத் தர்றேன். எனக்கு இது கடைசி ஆட்டம்யா, வாசி."

சிரித்துக்கொண்டே வாசித்தான்.

ரோடா சுற்றுக்கு ஓரிடமாக என்னை நெருங்கி வந்துகொண்டிருந்தாள். முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. அவள் ஜோடி அன்றுதான் முதல்முறை வந்த ஒரு நெட்டையன். தன் காலைப் பார்க்கவே அவனுக்கு நேரம் போதவில்லை. அறுபது பேரில் ஒருவராவது ஆட்டத்தை நிறுத்துவாரா என்று பார்த்தேன். வியர்த்து வடிந்துகொண்டு அத்தனை பேரும் சுற்றினார்கள். இதுகளுக்குத்தான் என் தொண்டையைத் தேய்த்திருக்கிறேன்.

இருபத்தாறாவதில் மேடைக்குக் கிட்டே வந்துவிட்டாள். ஒரு கை நெஞ்சில் இருந்தது.

"எல்வுட், நிறுத்துங்க. முடியல."

காதில் விழவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னது பொய். நன்றாகக் கேட்டது. அந்தக் கட்டத்தில் நான் எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை, எல்லாருக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. இருந்தாலும் மைக்கை இழுத்து, "ஜோடியைச் சுத்துங்க," என்றேன். சுற்றினாள். இருபத்தேழாவதிலும் சொன்னேன், சுற்றினாள். இருபத்தெட்டாவதின் பாதியில் விழுந்தாள்.

கிளேட்டன் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தான். நெட்டையன் ஓரமாக ஒதுங்கி முழிக்க, வரிசையில் அவர்கள் இடம் காலியாகத் தெரிந்தது. "இடத்தை நிரப்புங்க," என்றேன். முனையில் ஓய்வாக நின்றிருந்த ஜோடி அவளைத் தாண்டி வந்து அந்த இடத்தில் நின்றது. நிஜமாகவே நின்றது, சார்ஜன்ட். அதற்குப் பிறகுதான் யாரோ அலறினார்கள்.

தெரிந்துதான் கொன்றேன். ஆனால் அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைசிவரை வரிசையை விட்டு விலகவில்லை. முப்பத்தொரு வருடத்தில் என் பாடத்தை ஒழுங்காகப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த வெர்மான்ட் பெண் பயந்துபோய் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாமே. கமிட்டிக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறு நான் சும்மாதான் இருக்கிறேன்.