வெண்கலத்துக்கு நின்ற தோள்

மெதுவா பேசுங்க புவாத் தம்பி. இங்க இருக்கிறது நாலு பேரு. சிலை செய்ற டோரின் நோனா உள்ள தேத்தண்ணி குடிக்கிறாங்க. சாந்து குழைக்கிற பெரியதம்பி முற்றத்துல வாளி கழுவுறான். நான். இப்ப நீங்க. நீங்க தொழிற்சங்கத்து ஆளுன்னு நோனாவுக்குத் தெரியக் கூடாது. தமிழ் அவங்களுக்கு நல்லா விளங்கும்.

ஸ்ட்ரைக்குக்கு வரமாட்டேன்னு சொல்லலையே. கிராண்ட்பாஸ்லருந்து வெள்ளவத்தை வரைக்கும் தேடி வந்திருக்கீங்க. ஆனா பாருங்க, கழுத்துலருந்து முழங்கை வரைக்கும் சிலை அச்சுக்குப் பூசின சாந்து இறுகிப்போச்சு. எப்படி வாரது?

சாந்து ஒட்டாம இருக்க எண்ணெய் தேய்ச்சு வான்னுதான் நோனா சொன்னாங்க. ஒரு பொம்பளை வீட்டுக்குக் கரி நாத்தத்தோட போறதான்னு வெக்கப்பட்டு, கொட்டாஞ்சேனை பைப்படியில சவுக்காரம் போட்டு ஒரசிக் குளிச்சேன். தேய்ச்ச எண்ணெயும் போயிருச்சு. தேய்ச்சியான்னு நோனா கேட்டப்ப தலைய ஆட்டிட்டேன். இப்ப தோள் மயிரெல்லாம் சாந்து பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. சிரிக்காதீங்க, எனக்கும் சிரிப்பு வந்தா சுள்ளுன்னு இழுக்குது.

வெண்கலம்தான். இந்த அச்சை வச்சு வார்ப்பாங்களாம். கரி மூட்டைய இறக்கி வச்சிட்டு, கைய தொங்கவிட்டு நிமிர்ந்து நிக்கிற ஆளு. ஹார்பர் ஆபீஸ் வாசல்ல நிறுத்தப் போறாங்க. உழைக்கிறவனுக்கு ஒரு மதிப்பு வேணும்னு நோனாவுக்கு ஆசை.

கோவப்படாதீங்க. அதே வாசல்ல நாம போய் நின்னா பொலிஸ் அடிக்கிறான், சரிதான். வெண்கலத்த அடிச்சா அவன் கைதானே நோகும்.

இந்த அழகுமுத்து முன்னால நின்னாத்தான் மத்தவனுங்க இன்னிக்கு வேலையப் போட்டுட்டு படகுத்துறையிலருந்து வருவானுங்கன்னு சொல்றீங்க. பெரிய மரியாதை தம்பி. ஆனா வேலை இருக்கிறவன்தானே வேலைய நிறுத்தலாம்?

சனிக்கிழமை கடைசி மூட்டை. மத்தவனுங்க எல்லாம் இறங்கிப் போயிட்டானுங்க. கப்பலுக்குப் போட்ட பலகையில ஏறுறப்ப இந்தத் தோள்ல பட்டுன்னு ஒரு சத்தம். மூட்டை கடல்ல விழுந்துருச்சு. கை மேல எழும்பல, இன்னிக்கும் எழும்பல. கங்காணி மட்டும் பாத்தாரு. அங்கேயே பேர வெட்டிட்டாரு.

நோனாகிட்ட சொல்லிராதீங்க. வேலையில இருக்கிற ஆளுதான் வேணும்னு தேடிப் பிடிச்சவங்க. இதையும் விட்டா எனக்கு நிக்க வேற எடமில்ல.

நீங்க எங்க கேங்குக்குப் போங்க. இருபத்திநாலு பேருன்னு கணக்குல வச்சிருப்பீங்க. மாத்திக்குங்க தம்பி.

இருபத்திமூணு.