ஆந்தை கேட்ட விலை

திருத்தணி மலைமேல் மொட்டையடிக்கும் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அக்காவும் தங்கையும். தங்கைக்குப் பதினைந்து வயதிருக்கும்.

"அந்தப் பொண்ணு அந்த ஆந்தைகிட்ட உயிரையே எழுதிக் குடுத்துட்டாக்கா. இனிமே திரும்பக் கெடைக்காது" என்றாள் தங்கை.

 நரபலிக் கும்பல் என்று நானே தீர்ப்பெழுதி, போலீஸைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தேன். அவசரத்தில் டார்ச்தான் எரிந்தது.

"எந்த ஆந்தைடி?"

"நான் பாக்குற ஜப்பான் அனிமே கார்ட்டூன்ல வருதே, அது. பொண்ணுங்களுக்கு மந்திர சக்தி குடுக்கும். பதிலுக்கு என்னா எடுத்துக்கும்னு மட்டும் மொதல்ல சொல்லாது."

டார்ச்சை அணைத்தேன்.

"ஆங், நீ மட்டும் சொன்னியா? நான் ஆஸ்பத்திரில கண்ணு தெறக்காம படுத்துகினு இருந்தப்போ, என்னைக் கேக்காம என் முடிய வேண்டிக்கினவதானே? அடுத்த மாசம் கல்யாணம். கட்டிக்கப்போற பாவா பக்கத்துல மொட்டையா நிக்கணும்" என்றாள் அக்கா.

"காய்ச்சல் எறங்கவே இல்லக்கா. பயத்துல உன் முடின்னு வாயில வந்துடுச்சு."

"அப்போ அந்த ஆந்தை வந்து, உன் உயிரக் குடுன்னு கேட்டிருந்தா?"

"குடுத்திருப்பேன்."

 முறை வந்ததும் அக்கா போய் உட்கார்ந்து, ஜடையை அவிழ்த்துவிட்டாள்.

"நல்லா வழிச்சிடுங்கண்ணா" என்றாள் நாவிதரிடம். "என் உயிருக்கு வெலைய என் தங்கச்சி சல்லிசா முடிச்சிக் குடுத்திருக்கா."