சுரண்டிப் பார்த்த செம்பு

தலைமை ஏற்றிருக்கும் மூத்த ஓட்டுநர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, நோயாளிகளை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும் நம் சங்கத்தின் ஓட்டுநர்களே, இந்த வண்டிக் கொட்டகையில் உட்கார இடமில்லாமல் வாசல்வரை நிற்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் மின்பிரிவுத் தலைவி, நம் கத்தி அக்கா, மறைந்துவிட்டார். என்னைவிட வயதில் இளையவர். ஆனாலும் நானும் அவரை அக்கா என்றுதான் அழைத்தேன். இடுப்புப் பையில் அந்தச் சின்னக் கத்தியோடு வந்து நிற்பவரை வேறு எப்படி அழைப்பது?

எதற்கு அந்தக் கத்தி? புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பழைய வேன் ஒரு நாள் சிகிச்சை முடிந்து களைத்திருந்த நோயாளிகளோடு வெயிலில் நின்றுவிட்டது. செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி புதியது. அதிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் கேபிளும் புதியது, கட்டைவிரல் தடிமன்! அக்கா வந்தார். கேபிளைத் தொட்டார், சுட்டது. அறுத்துப் பார்த்தார். தடிமன் எல்லாம் மேலுறை. உள்ளே இருந்தது கொஞ்சம் கம்பிதான்.

ஓய்வுபெற்ற வாத்தியார் நான், எடுத்துக்காட்டு இல்லாமல் பேச வராது. குளிர்பானம் உறிஞ்சும் குழாய் வெளியே எவ்வளவு பருமனாக இருந்து என்ன? உள்ளே ஓட்டை சிறிதென்றால் வாய்தானே வலிக்கும்? ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் உறிஞ்சும். அதற்கு வழிவிடும் அளவுக்கு உள்ளே செம்பு வேண்டும்.

அன்றைக்கே அக்கா முடிவெடுத்தார்: இனி நம் வண்டிகளுக்கான கேபிளை நாமே செய்வோம். ஆனால் பொருள் எங்கே கிடைக்கும்? எத்தனை கடை ஏறி இறங்கினார்! வளைந்து கொடுக்கும் மெல்லிய இழைகளுக்காக வெல்டிங் கேபிள் கடைக்குப் போனார். கேபிள் முனையில் பொருத்தும் லக்குகளுக்காக மின்பெட்டி செய்யும் பட்டறைக்குப் போனார். காயலான் கடையில் இலவசமாகவே கொடுத்தார்கள். பச்சைக் களிம்பு பூத்த கம்பி வேண்டாமென்று வந்துவிட்டார்.

எந்தக் கடையானாலும் ஓர் இழையை எடுத்துக் கத்தியால் சுரண்டுவார். உள்வரை சிவப்பா? வாங்குவார். வெள்ளை தெரிகிறதா? அது செம்பு பூசிய அலுமினியம், நடையைக் கட்டுவார். இதோ முன்வரிசையில் இருக்கும் வயர் கடைக்காரரே அன்று எரிந்து விழுந்திருக்கிறார்.

"ஏம்மா, கத்தரிக்காயா வாங்குற, கீறிப் பாக்குறதுக்கு?"

"கத்தரிக்காய்ல புழு இருந்தா வெட்டிப் போட்டுடலாம்ணே. இதுல இருந்தா வண்டி நடுரோட்டுல நிக்கும். நீங்க வந்து தள்ளுவீங்களா?"

சிரிக்கிறார் பாருங்கள்! அதன் பிறகு வேறு கோளாறில் நின்ற நம் வண்டிகளை எத்தனையோ முறை தள்ளியும் இருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும்.

அக்கா படுக்கையில் விழுந்தபோது நம் ஓட்டுநர்கள் என்ன செய்தார்கள்? நமக்குக் கைமாறி வந்த புது வேனுக்குக் கேபிள் செய்ய வேண்டுமே, அக்காவை அலையவிடக் கூடாதே என்று ஒரு பெரிய ரோலைத் தாங்களே வாங்கி, தோளில் சுமந்து கட்டிலருகே வைத்தார்கள். அவ்வளவு பேர் போயும் ஒருவர்கூடச் சுரண்டிப் பார்க்கவில்லை! அக்கா மகளிடம் கத்தியைக் கேட்டார். சுரண்டினார். வெள்ளை!

"நல்லாத்தான் இருக்கு, துணி காயப்போட!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் இல்லன்னா சுரண்ட மாட்டாங்களாங்க? அப்போ இவ்வளவு நாள் நான் என்னத்தச் செஞ்சேன்?"

தோழர்களே, அந்தக் கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை. புது வேன் இதோ கொட்டகை ஓரத்தில் கேபிள் இல்லாமல் நிற்கிறது. அதை நம்பி நோயாளிகள் வீட்டில் காத்திருக்கிறார்கள். "இனி யார் செய்வது? கடையில் தயாராக இருப்பதையே வாங்கிவிடலாம்" என்று நம்மில் சிலர் பேசுவது என் காதிலும் விழுந்தது. பேசியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. துக்கத்தில் கை ஓயத்தான் செய்யும். ஆனால் ஓய்ந்த கையோடு அந்த நோயாளிகளின் வாசலில் போய் நிற்க முடியுமா? முடியாது!

இந்தக் கூட்டம் முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போகப் போவதில்லை. மேசையில் லக்குகள் இருக்கின்றன, அவற்றை அழுத்தும் கருவி இருக்கிறது, முனையை மூடும் உறைக்குழாய் இருக்கிறது. அக்கா செய்ததை அவர் கணவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அவர் சொல்வார், நாம் செய்வோம். அழுத்திய லக்கை இழுத்துப் பார்ப்போம். கழன்றால் வெட்டிவிட்டு மறுபடி அழுத்துவோம். புது வேன் இங்கிருந்து தள்ளாமல் கிளம்பும். அதுதான் நம் அஞ்சலி.

வயர் கடைக்காரர் தம் கையாலேயே ஒரு ரோல் கொண்டுவந்திருக்கிறார். முனையைத் தாமே சுரண்டி, சிவப்பு தெரிய வைத்திருக்கிறார். அண்ணே, உங்கள் மேல் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. இருந்தாலும்... மகளே, அம்மாவின் கத்தியை எடு. வேறோர் இழையை உருவு. ஓட்டுநர்கள் எல்லோரும் முன்னால் வாருங்கள். இன்று ஒவ்வொருவரும் சுரண்டிப் பார்க்க வேண்டும்.