அவர் ஓடினால்

“நீங்க ஓடுனா கம்பெனியே சேந்து ஓடுதுல்ல?”

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த பெண் புருஷனிடம் சொன்னாள். அவர் மடியில் ஆஸ்பத்திரி மாத்திரைப் பை. இருவருக்கும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை போலிருக்கிறது.

“வயிறு கலக்குச்சு, கக்கூசுக்கு ஓடுனேன். அது குத்தமா?”

“வெடிமருந்து ரூம்லருந்து ஒருத்தர் தலைதெறிக்க ஓடுனா, தீப்பிடிச்சிருச்சுன்னுதான நினைப்பாக? அம்புட்டுப் பேரும் வேலியத் தாண்டிட்டாக. ரெண்டு அக்காவுக்கு முட்டி பேந்துருச்சு.”

“சிரிக்காத புள்ள.”

“குடல் நோவு வந்து எத்தன வருசமாச்சு? இன்னும் மறைச்சுக்கிட்டே இருக்கீக. அந்தப் பயத்துலயே வயிறு இன்னும் கெடுதுன்னு டாக்டரம்மா சொன்னாகல்ல?”

“வெளிய சொல்ல வெக்கமா இருக்குல்ல.”

“நான் நேத்தே சொல்லிட்டேன். கக்கூசுக்குப் பக்கத்து ரூமு தாரேன்னு போர்மேன் அண்ணன் ஒத்துக்கிட்டாக. இனிமே இவுக ஓடுனா யாரும் ஓடாதீகன்னு எல்லார்ட்டயும் சொல்லியாச்சு.”

திருத்தங்கல் தாண்டியதும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“நெசமாவே தீப்பிடிச்சு ஓடுனா?”

“என் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே ஓடுங்க. பின்னாலயே வந்துர்றேன்.”